தேய்ந்த வளையம் சொல்லும் கதை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஏற்கெனவே ஒன்பது பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்களாவது தொழிலைப் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். நியாயம்தான். 1974-இல் மெக்கானிக்கல் முடித்து வெளியே போனவன் நான். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் பராமரிப்புப் பிரிவிலேயே காலம் தள்ளினேன். அதில் பாதிக்கு மேல் ஹைட்ராலிக் இயந்திரங்களோடுதான் குடித்தனம். ஆகவே எனக்கு நன்றாகப் பழகிய ஒரு சாமானின் சரித்திரத்தைச் சொல்கிறேன். அதன் பெயர் வேன் பம்ப்.

வேன் என்றதும் ஸ்கூல் வேன் ஞாபகம் வந்துவிட வேண்டாம். மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ரோட்டார் என்று ஒரு எஃகு உருளை. அதன் சுற்றளவில் கத்தியால் கீறியதுபோல் பத்து அல்லது பன்னிரண்டு பிளவுகள். ஒவ்வொரு பிளவிலும் ஒரு மெல்லிய எஃகுத் தகடு, உள்ளும் வெளியும் நழுவும்படி நிற்கிறது. அந்தத் தகடுதான் வேன். இந்த ரோட்டார் ஒரு வளையத்துக்குள் சுழல்கிறது. தகடுகள் வெளியே வந்து வளையத்தின் உட்சுவரைத் தடவிக்கொண்டே ஓடுகின்றன. இரண்டு தகடுகளுக்கு நடுவில் உள்ள இடம் விரியும்போது எண்ணெய் உள்ளே வரும். சுருங்கும்போது வெளியே போகும். பவர் ஸ்டியரிங் வைத்த லாரியிலும் காரிலும், பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினிலும், பிரஸ்ஸிலும் பல காலமாக உழைத்துவரும் பம்ப் இது.

இது தேய்ந்தால் என்ன ஆகும்? பிரஸ் மெதுவாகும். பிரஷர் ஏறாது. எண்ணெய் கொதிக்கும். உடனே ஷாப் ஃப்ளோரில் பஞ்சாயத்து ஆரம்பம். ஸ்டோர்ஸ்காரர் "பம்ப் மட்டம்" என்பார். பம்ப் விற்றவர் "எண்ணெய் மட்டம்" என்பார். எண்ணெய் விற்றவர் "நீங்க ஃபில்டரே மாத்தலை சார்" என்பார். கடைசியில் புது கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, பழையதைக் கழிவு இரும்புக் குவியலில் வீசிவிடுவார்கள். அந்தப் பழைய வளையத்தைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எப்படித் தேய்ந்திருக்கிறது என்று அதுவே வாய்விட்டுச் சொல்லும். ஏன் அங்கே தேய்ந்தது என்ற கேள்விக்குப் பதில் வளையத்தின் உள்வடிவத்தில் இருக்கிறது. அந்த உள்வடிவம் உருவாக 400 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதலில் நமக்கு ஆதாரத்தோடு கிடைக்கும் பெயர் அகொஸ்தினோ ராமெல்லி. இத்தாலியர், பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியிடம் பணிபுரிந்த ராணுவப் பொறியாளர். 1588-இல் பாரிஸில் 195 படங்களோடு ஒரு இயந்திரப் புத்தகம் வெளியிட்டார். அதில் நீர் இறைக்கும் கருவிகளுக்கே பெரும் பங்கு. அவற்றுக்கு நடுவே, வட்டமான கூட்டுக்குள் மையம் விலகிச் சுழலும் உருளையும், அதில் நழுவும் தகடுகளும் கொண்ட பம்ப்புகளும் இருக்கின்றன. நம் கார்ட்ரிட்ஜின் கொள்ளுத்தாத்தா என்றே சொல்லலாம். தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் அப்போது வேலை. பிரஷர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தகட்டின் விளிம்பில் கொஞ்சம் ஒழுகினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்குப் பின் மூன்று நூற்றாண்டுகளை ஒரே தாவலாகத் தாண்டலாம். 1874-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த சார்லஸ் பார்ன்ஸ் நழுவு தகடு பம்ப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1899-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ராபர்ட் பிளாக்மர் தம்முடைய பம்ப்பைச் செய்தார். பிளாக்மர் பிடித்த விஷயம் முக்கியமானது. கியர் பம்ப்பில் பல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். இடைவெளி நாளுக்கு நாள் பெருகும், பம்ப் நாளுக்கு நாள் சோம்பேறியாகும். தகடு அப்படியல்ல. நுனி தேய்ந்தால் அந்த அளவுக்கு வெளியே நகர்ந்து, தானே இடைவெளியை மூடிக்கொள்ளும். பென்சில் தேயத் தேய நாம் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்வதுபோல. தேய்மானத்தை ஒழிக்காமல் அதற்கு ஈடுகொடுக்கும் ஏற்பாடு. இன்றுவரை வேன் பம்ப்பின் பெரிய பலம் இதுதான்.

இதுவரை சொன்ன பம்ப்புகளில் வளையம் முழு வட்டம்; ரோட்டார் மட்டும் மையம் விலகி நிற்கும். ஒரு பக்கம் சக்‌ஷன், எதிர்ப்பக்கம் டெலிவரி. இதில் ஒரு தொல்லை உண்டு. டெலிவரிப் பக்கத்து பிரஷர் முழுவதும் ரோட்டாரை ஒரே பக்கமாகத் தள்ளும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ரோட்டார் விட்டம் 68 மி.மீ., அகலம் 25 மி.மீ., பிரஷர் 70 பார். பக்கவாட்டு விசை ஏறக்குறைய 1200 கிலோ! உள்ளங்கையில் அடங்கும் ஒரு உருளையின்மேல் இரண்டு மாருதி 800 கார்களை ஏற்றி நிறுத்தியதுபோல. அதுவும் நிமிஷத்துக்கு 1440 தடவை சுற்றிக்கொண்டிருக்கும்போது. பேரிங் எத்தனை நாள் தாங்கும்? ஷாஃப்ட் வளையும், ரோட்டார் பக்கத் தகட்டில் உரசும். தண்ணீரும் பெட்ரோலும் இறைக்கும் வரை பிரச்சினை இல்லை. இயந்திரத்தை இயக்கும் பிரஷர் வேண்டும் என்று வந்தபோது வட்ட வளையம் கையை விரித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஹாரி விக்கர்ஸ் வருகிறார். துப்பாக்கியும் கப்பலும் செய்த இங்கிலாந்து விக்கர்ஸ் கம்பெனி வேறு, இவர் அமெரிக்கர். 1921-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்னப் பட்டறையாக ஆரம்பித்தார். 1925-இல் அவர் கொண்டுவந்த வடிவம் சொன்னால் ரொம்ப எளிது. ரோட்டாரை மையத்திலேயே வைத்தார். வளையத்தின் உட்சுவரை நீள்வட்டம் போல இழுத்தார். ஒரு சுற்றில் ஒவ்வொரு தகடும் இரண்டு தடவை வெளியே வந்து இரண்டு தடவை உள்ளே போகும். அதனால் இரண்டு சக்‌ஷன், இரண்டு டெலிவரி. ஒவ்வொரு ஜோடியும் நேர் எதிரெதிரே. இந்த டெலிவரி வலப்பக்கம் தள்ளும் அளவுக்கு அந்த டெலிவரி இடப்பக்கம் தள்ளும். 1200 கிலோவும் அடிபட்டுப் போகும். ஷாஃப்டுக்கு மோட்டாரின் முறுக்கு மட்டும் மிச்சம். சமநிலை வேன் பம்ப் என்று புத்தகங்களில் படித்தோமே, அதன் பிறப்பு இதுதான். தகடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக, 10 அல்லது 12 என்று இருப்பதற்கும் இதுவே காரணம். எதிரெதிர்ப் பக்கங்களில் எந்த நேரமும் ஒரே நிலைமை இருக்க வேண்டுமே.

அடுத்த வருஷம், 1926-இல், பியர்ஸ்-ஆரோ லாரிப் பிரிவில் முன்பு வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் தம் காரில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அது கடைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதன் பின் கோடிக்கணக்கான கார்களின் பவர் ஸ்டியரிங்குக்கு உயிர்நாடியாக இருந்தவை பெரும்பாலும் இரட்டை வயிறு கொண்ட இந்த வேன் பம்ப்புகள்தான். விக்கர்ஸ் கம்பெனி 1937-இல் ஸ்பெர்ரியிடம் போனது. பட்டறை வைத்து ஆரம்பித்த ஹாரி விக்கர்ஸ், 1955-இல் உருவான ஸ்பெர்ரி ராண்ட் நிறுவனத்துக்கே தலைமை நிர்வாகியானார். அங்கே சேர்மன் நாற்காலியில் இருந்தவர் ஜெனரல் மெக்கார்தர்! கம்பெனி பிறகு பல கை மாறி 1999-இல் ஈட்டனிடமும், 2021-இல் டான்ஃபாஸிடமும் போய்ச் சேர்ந்தது. வம்சாவளியை இதோடு விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சமநிலை வந்ததற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வட்ட வளையத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஓடும்போதே பம்ப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். நீள்வட்டத்தில் அது நடக்காது. அதனால்தான் அளவு மாறும் வேன் பம்ப்புகள் இன்றைக்கும் பழைய மையம் விலகிய வடிவத்திலேயே, கனமான பேரிங்கோடு வருகின்றன.

நீள்வட்டம், நீள்வட்டம் என்கிறேனே தவிர, உண்மையில் அது நீள்வட்டமே அல்ல. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சக்‌ஷன் துவாரம் முடிந்து டெலிவரி துவாரம் ஆரம்பிக்கும் முன் ஒரு இடம் உண்டு. அங்கே தகடுதான் சுவர். முன்பக்கம் முழு பிரஷர், பின்பக்கம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் தகடு பிளவின் சுவரோடு அழுத்தப்பட்டு நிற்கும். அப்போது அதை உள்ளே வெளியே நகரச் சொன்னால் பிளவும் தேயும், தகடும் தேயும். ஆகவே அந்த இடத்தில் வளையம் சுத்தமான வட்ட வில்லாக இருக்க வேண்டும். தகடு அசையாமல் கடந்து போகும். இப்படிப் பெரிய ஆரத்தில் இரண்டு வில், சிறிய ஆரத்தில் இரண்டு வில். ஒவ்வொரு வில்லின் நீளமும் குறைந்தது ஒரு தகட்டு இடைவெளி. 10 தகடு என்றால் 36 டிகிரி. நடுவில் நாலு சரிவுகள். கணக்குப்படி ஒரு சரிவுக்குக் கிடைப்பது 54 டிகிரிக்குள். 12 தகடு போட்டால் வில் 30 டிகிரி, சரிவு 60 டிகிரி வரை போகலாம். ஏற்றம் அவ்வளவுக்கு மென்மையாகும். ஆனால் பிளவு அதிகமானால் ரோட்டார் பலவீனமாகும். ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும்.

ஆர வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? பெரிய ஆரம் 37 மி.மீ., சிறிய ஆரம் 34 மி.மீ., அகலம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 3 மி.மீ. தகட்டின் தடிமனை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு 33 சி.சி.; 1440 சுற்றில் நிமிஷத்துக்கு 48 லிட்டர். அந்த 3 மி.மீட்டரைத் தகடு 50 டிகிரியில், அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஆறு பங்குக்கும் குறைவான நேரத்தில், ஏறி முடிக்க வேண்டும்.

எப்படி ஏறுவது? தியரி ஆஃப் மெஷின்ஸ் டிராயிங் வகுப்பில் கேம் வரைந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சீரான வேகம், சிம்பிள் ஹார்மோனிக், சீரான முடுக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷீட். மதியச் சாப்பாட்டுக்குப் பின் டிராயிங் ஹாலில் தூங்கி வழிந்துகொண்டே வரைந்த அந்தக் கோடுகள்தான் இங்கே வளையத்தின் உட்சுவராக நிற்கின்றன. சீரான வேகம் என்றால் சரிவின் ஆரம்பத்தில் தகடு உதைபடும். சீரான முடுக்கம் என்றால் நம் கணக்கில் பூமி ஈர்ப்பைப்போல் சுமார் 36 மடங்கு முடுக்கம் வரும். தகட்டை வெளியே வீசும் மையவிலக்கு விசை ஏறக்குறைய 70 மடங்கு தருகிறது. இரண்டு மடங்குதான் கையிருப்பு. பிளவில் குளிர்ந்த, கெட்டியான எண்ணெய் இழுக்கும்; உராய்வு பிடிக்கும். சரிவு இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தால் தகடு சுவரை விட்டுப் பிரியும், மறுபடி வந்து மோதும். முடுக்கம் திடீரென்று மாறும் இடத்திலும் அதே உதறல்தான். அதனால் பின்னால் வந்தவர்கள் முடுக்கமும் படிப்படியாக ஏறி இறங்கும் வளைவுகளுக்குப் போனார்கள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1989-இல் கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். ஒரு பிரஸ்ஸின் பம்ப்புக்கு ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வரத் தாமதமாயிற்று. உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் வளையத்தை மட்டும் நகல் செய்து வாங்கினார்கள். நல்ல எஃகு, கடினத்தன்மை சோதித்தோம், சரி. மைக்ரோமீட்டரில் அளந்தோம், பெரிய விட்டம் சரி, சிறிய விட்டம் சரி. மாட்டினோம். முதல் நாளிலிருந்தே பம்ப் மரங்கொத்தி மாதிரி கத்திற்று. ஆறே வாரத்தில் பிரஷர் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் சரிவுகளில் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகப் பள்ளம். விரல் நகத்தை ஓட்டினால் டக்டக்கென்று தட்டியது.

பட்டறைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். மனிதர் உண்மையிலேயே நல்ல தொழில்காரர். "ஏனுங்க சார், நாலு பக்கமும் அளவு சரியா இருக்குதுங்களே, அப்புறம் தப்பு எங்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரிஜினல் வளையத்தையும் நகலையும் மாற்றி மாற்றி டிவைடிங் ஹெட்டில் பிடித்து, உள்ளே டயல் கேஜ் வைத்து, 5 டிகிரிக்கு ஒன்றாக அளவு எடுத்தோம். கிராஃப் பேப்பரில் இரண்டையும் வரைந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தை எடுத்து, அந்த வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் எடுத்தபோதுதான் திருடன் அகப்பட்டான். ஒரிஜினலில் அது மெள்ள ஏறி மெள்ள இறங்கியது. நகலில், இரண்டு வில்லையும் கண் அளவில் இணைத்த இடங்களில், செங்குத்தாகத் தாவியது. வரிப்பள்ளம் ஆரம்பித்த டிகிரியும் தாவல் இருந்த டிகிரியும் ஒன்றாகவே இருந்தன.

அவர் அந்த கிராஃப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நாலு மாதம் கழித்து ஒரிஜினலிலிருந்து மாஸ்டர் கேம் செய்து, அதை வைத்து அரைத்த ஒரு வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஒன்றரை வருஷம் சத்தமில்லாமல் ஓடியது.

சரி, வளையம் ஒழுங்காகிவிட்டது, ஷாஃப்டும் சமநிலை. இனிமேல் தேயக் காரணமில்லை என்று நினைத்தால், இன்னொரு வில்லங்கம் காத்திருக்கிறது. ஷாஃப்டுக்குக் கிடைத்த சமநிலை தகட்டுக்குக் கிடைக்கவில்லை.

டெலிவரிப் பகுதியில் தகட்டின் நுனியை முழு பிரஷர் உள்ளே தள்ளும். மையவிலக்கு விசையை மட்டும் நம்பினால் தகடு உள்ளே போய்விடும். ஆகவே தகட்டின் அடியிலும் டெலிவரி பிரஷரைக் கொடுத்தார்கள். மேலும் கீழும் ஒன்றே. டெலிவரிப் பகுதியில் நல்ல சமாதானம். ஆனால் அதே தகடு சக்‌ஷன் பகுதிக்கு வரும்போது? அடியில் முழு பிரஷர், நுனியில் ஏதுமில்லை. தகடு 2 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலம், 140 பார் என்றால் 700 நியூட்டன். ஏறக்குறைய 70 கிலோ. ஒரு ஆள் கத்தி முனையில் ஏறி நின்றுகொண்டு வளையத்தைச் சுரண்டியபடி ஓடுவது மாதிரி. எந்தப் பழைய வளையத்தை எடுத்தாலும் சக்‌ஷன் சரிவுகளில்தான் தேய்மானம் அதிகமாக இருக்கும். டெலிவரி சரிவுகளில் அரைத்த கோடுகள்கூட அழியாமல் இருக்கும். அதற்குக் காரணம் இதுதான்.

தகட்டை மெல்லியதாக்கினால் விசை குறையும். ஆனால் தகடு வளையும், உடையும். போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் பம்ப் செய்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான். ஆளுக்கு ஒரு வழி கண்டார்கள். விக்கர்ஸ்காரர்கள் தகட்டின் அடியில் ஒரு சிறு துண்டுத் தகட்டைச் செருகினார்கள். முழு பிரஷர் அந்தத் துண்டுக்கும் தகட்டுக்கும் இடையே மட்டும் எப்போதும் இருக்கும். மற்ற அடிப்பகுதிக்கு, நுனியில் என்ன பிரஷரோ அதுவே துளை வழியாக வந்து சேரும். துண்டின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு என்றால் 70 கிலோ 23 கிலோவாகிவிடும். டெனிசன் கம்பெனிக்காரர்கள் துண்டுக்குப் பதில் சிறு ஊசிகளை வைத்துத் தகட்டைத் தூக்கினார்கள். தகட்டின் நுனியையும் இரண்டு உதடாக்கி, நடுப்பள்ளத்துக்கு அடியிலிருந்து எண்ணெய் வரும்படி செய்தார்கள். வேறு சிலர் ஒரே பிளவில் இரண்டு தகடுகளை ஒட்டி நிறுத்தி, இடையே எண்ணெயை மேலே ஏற்றினார்கள். வழி எதுவானாலும் தத்துவம் ஒன்றுதான்: ஒழுகாத அளவுக்கு அழுத்து, அதற்கு மேல் அழுத்தாதே. ஆரம்ப காலத்தில் 70 பார் பக்கம் நின்ற வேன் பம்ப் 200 பாரைத் தாண்டியது இந்தச் சின்னஞ்சிறு துண்டுகளாலும் ஊசிகளாலும்தான்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தகடுகளுக்கு இடையே அகப்பட்ட எண்ணெய் சக்‌ஷனை விட்டு டெலிவரி துவாரத்துக்கு வாய் திறக்கும்போது, எதிரிலிருந்து முழு பிரஷர் பின்னோக்கிப் பாயும். எண்ணெய் சுருங்காது என்று பள்ளியில் படித்தோம். 140 பாரில் ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். அந்த ஒரு சதவீதம் திடீரென்று நிரம்புவதுதான் பம்ப்பின் இரைச்சலுக்குப் பெரிய காரணம். குமிழ்கள் நசுங்கி, துவாரத்தின் ஓரத்தைக் கொத்திக் குழியாக்குவதும் அங்கேதான். துவாரத்தின் முனையில் எலிவால் போல ஒரு சிறு காடி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்கு அல்ல, பிரஷரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுவதற்கு. பக்கத் தகட்டில் தேய்மானம் என்று சொல்லி சர்ஃபேஸ் கிரைண்டரில் கொடுத்து அந்தக் காடியையும் சேர்த்து அரைத்துவிட்டு, "சார், சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு" என்பவர்கள் உண்டு.

ரோட்டாருக்கும் பக்கத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. கசிவு அந்த இடைவெளியின் மூன்றடுக்குக்கு ஏற்பப் பெருகும். 15 மைக்ரான் 30 ஆனால் கசிவு இரட்டிப்பாகாது, எட்டு மடங்கு ஆகும். கசிந்த எண்ணெய் சூடாகும், சூடானால் நீர்த்துப் போகும், நீர்த்தால் இன்னும் கசியும். அதனால்தான் நல்ல பம்ப்புகளில் பக்கத் தகட்டின் முதுகிலும் டெலிவரி பிரஷரைக் கொடுத்து, ரோட்டாரோடு அணைத்து வைக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு வேடிக்கையாகப் படும் ஒரு அத்தியாயம் உண்டு. விக்கர்ஸின் பழைய மாடல் ஒன்று, வி-104 சி. தகடு வளையத்தை நன்றாக அழுத்தித் தேய்க்கும் பம்ப். இந்தக் குறையையே அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். ஒரு அளவுகோலாக்கியது. டி-2882 என்று சோதனையின் பெயர். பம்ப்பை 1200 சுற்றில், 138 பாரில், 100 மணி நேரம் ஓட்ட வேண்டும். ஓட்டும் முன்னும் பின்னும் வளையத்தையும் தகடுகளையும் எடை போட வேண்டும். எத்தனை மில்லிகிராம் குறைந்தது என்பதுதான் எண்ணெயின் தேய்மானத் தடுப்புக்கு மார்க். ஜெர்மனிக்காரர்களும் அதே பம்ப்பை வைத்து 250 மணி நேரச் சோதனை வகுத்தார்கள். நாம் கடையில் வாங்கிய ஹைட்ராலிக் எண்ணெய் டப்பாவில் தேய்மானத் தடுப்பு என்று போட்டிருந்ததற்குப் பின்னால், எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில் இந்தப் பழைய வளையம் பட்ட பாடு இருந்தது. பிறகு கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. பரீட்சைத் தாள் இருக்கிறது, பரீட்சை ஹால் இல்லை என்ற கதை! 2000-க்குப் பின் டி-2882 விலக்கப்பட்டு, டி-7043 என்ற புதுச் சோதனை அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.

பம்ப்பின் இடமும் மாறிக்கொண்டிருக்கிறது. புதுக் கார்களில் பவர் ஸ்டியரிங்கை மின்சார மோட்டார் பார்த்துக்கொள்கிறது, பம்ப்பே இல்லை. மோல்டிங் மெஷின்களில் சர்வோ மோட்டார் வந்தபின், தேவைப்படும்போது மட்டும் பம்ப் சுற்றினால் போதும், மற்ற நேரம் ஏறக்குறைய நின்றுவிடும். சாதாரண வேன் பம்ப்புக்கு நிமிஷத்துக்கு 600 சுற்றாவது வேண்டும்; அதற்குக் கீழே தகடு ஒழுங்காக வெளியே வராது. மறுபடியும் அதே மையவிலக்கு விசைக் கணக்குதான். அந்த வேலைக்கு உட்கியர் பம்ப்புகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆனாலும் 1976-இல் பெங்களூரில் யூக்கன் இந்தியா ஆரம்பித்த காலத்திலிருந்து நம் பக்கத்து ஆலைகளுக்கு வந்து சேர்ந்த வேன் பம்ப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. பழைய பிரஸ்களிலும் மோல்டிங் மெஷின்களிலும் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கல்லூரியை விட்டு இப்போது வெளியே போகும் தம்பி தங்கைகள் முதல் வேலையிலேயே ஒன்றைக் கழற்ற வேண்டி வரலாம்.

அப்போது இதைப் பாருங்கள். சக்‌ஷன் சரிவில் மட்டும் சீரான மினுமினுப்பு இருந்தால் அது வயதான பம்ப். அதன் ஆயுளை வாழ்ந்து முடித்திருக்கிறது. அதே இடத்தில் சுற்றுத் திசையில் நீளக் கீறல்கள் இருந்தால் எண்ணெயில் தூசி, ஃபில்டரைப் பாருங்கள். வரிவரியாகப் பலகைப் பள்ளம் இருந்தால் தகடு துள்ளியிருக்கிறது. நகல் வளையமா, குளிர்ந்த எண்ணெயில் ஸ்டார்ட் செய்தார்களா, சக்‌ஷன் குழாயில் காற்று நுழைகிறதா என்று விசாரியுங்கள். துவாரத்தின் ஓரத்தில் அம்மைத் தழும்பு போல் குழிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சக்‌ஷன் பக்கம் மூச்சுத் திணறல். அடைத்த ஸ்டிரெய்னர், நீண்ட குழாய், அல்லது காடி அரைபட்ட பக்கத் தகடு. வளையம் நன்றாக இருந்து ரோட்டாரின் பக்க முகம் மட்டும் ஒருபுறமாக உரசியிருந்தால், பம்ப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். கப்ளிங்கை அலைன்மென்ட் பார்த்து மாட்டினார்களா என்று கேளுங்கள்.

இந்த ஐந்து வகைக்கும் ஒவ்வொரு வளையமோ ரோட்டாரோ என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கூடுகை நாளன்று கொண்டுவந்து மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில் மேஜை போட்டு வைக்கிறேன். கோவை நகல் வளையமும் அதில் உண்டு. கிராஃப் பேப்பரின் பிரதியும் உண்டு. கையில் எண்ணெய் படும். துடைக்கக் காட்டன் வேஸ்ட் வைத்திருப்பேன்.